மேகம் யோசிக்கிற இடம்

சங்கரலிங்கம் அண்ணாச்சியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருக்கும். மயில் படம் போட்ட லேபிள், அவருடைய அச்சகத்திலேயே அடித்தது. அந்தப் பெட்டியிலிருந்து ஒரு குச்சிகூட இதுவரை உரசப்பட்டதில்லை. பீடி, சிகரெட் என்று எந்தப் பழக்கமும் அவருக்குக் கிடையாது. மோசமான பாட்டு காதில் விழுந்தால் ஒரு குச்சியை எடுப்பார். மருந்தில்லாத முனையைக் காதுக்குள் விட்டு, உள்ளே விழுந்ததைத் தோண்டி எடுப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு குச்சியை இரண்டாக ஒடித்து எறிவார். யூடியூபில் மேகப் பாட்டைக் கண்டவனெல்லாம் பாட ஆரம்பித்த பிறகு, சிவகாசியில் உற்பத்தியாகும் தீக்குச்சியில் கால்வாசி தன் மாமனார் காதுக்கே போய்விடுகிறது என்பது அவருடைய மருமகள் ஸ்ரீமதியின் கணக்கு.

மேகப் பாட்டைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். இருந்தால் அவர்களோடு அண்ணாச்சி பேசமாட்டார். அது எழுபத்தொன்பதில் இசைத்தட்டாக வந்தது. நாட்டுப்புறப் பாட்டுக்கு எலெக்ட்ரிக் கிடார் போட்ட பாட்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் ‘ஃபோக் ராக்’ என்று அதற்கொரு பெயர் சொல்கிறார்கள். அப்போது பெயரெல்லாம் கிடையாது, ஏச்சு மட்டும்தான். இருபத்தைந்து வயதுச் சங்கரலிங்கம், அச்சு மிஷினுக்கு உதிரி பாகம் வாங்கிவரப் பட்டணத்துக்கு அனுப்பப்பட்டு, சிவப்பு நிறத்தில் ஒரு கிடாரோடு திரும்பி வந்தார். அதை மிஷினில் எந்த இடத்தில் மாட்டுவது என்று அவருடைய அப்பா இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பாடியவள் சண்முகத்தாய். பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற வேலை. அவளுடைய அம்மாவுக்கு மல்லாங்கிணறு பக்கம். அந்த மானாவாரிக் காட்டுப் பெண்கள் மழையை வா வா என்று கூப்பிட்டுப் பாடுகிற பாட்டு ஒன்று அவளுக்குத் தெரியும். ஆனால் பட்டாசுக்காரர்களுக்கு, சீசனில் மழை வந்தால் வெயிலில் காயப்போட்ட சரக்கெல்லாம் நமுத்துப் போய்விடும். ஆகவே அவள் அம்மாவின் பாட்டை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டாள்.

கருக்கல் மேகமே கொஞ்சம் தள்ளிப்போ
காயப்போட்ட சரக்கிருக்கு சுத்திப்போ
களத்துமேட்டுச் சரக்கெல்லாம்
கட்டி வண்டி ஏத்துனப்புறம்

இந்த இடத்தில் எல்லாம் நின்றுவிடும். கிடார் நிற்கும், டிரம்ஸ் நிற்கும், குரல் நிற்கும். இசைத்தட்டு தேய்ந்துவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும். பிறகு சண்முகத்தாயின் குரல் மட்டும், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, ‘பெய்யி’ என்று சொல்லும். அதோடு பாட்டு முடிந்தது.

அந்த மௌனத்துக்காகவே அந்தப் பாட்டு நாற்பத்தைந்து வருஷமாக உயிரோடு இருக்கிறது என்பார் அண்ணாச்சி. மேகம் வானத்தில் நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, போவதா பெய்வதா என்று யோசிக்கிறதாம். ‘மேகம் யோசிக்கிற இடம்’ என்று ரசிகர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படிப் பெயர் வைத்த முதல் ரசிகர் யார் என்று கேட்டால் அடக்கமாகச் சிரிப்பார். அவர்தான்.

அச்சகத்தை மகனிடமும் மருமகளிடமும் கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்த பிறகு அவருக்கு இரண்டு வேலைகள் சேர்ந்துகொண்டன. ஒன்று, யூடியூப்காரர்களுக்குப் பேட்டி கொடுப்பது. “மௌனமும் ஒரு வாத்தியந்தான் தம்பி. அதை வாசிக்க எனக்கு எம்புட்டு வருஷம் ஆச்சு தெரியுமா” என்று ஒவ்வொரு பேட்டியிலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இரண்டாவது வேலை, அந்த மௌனத்துக்குள் மற்றவர்கள் என்னென்ன குப்பையைக் கொட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக் குமட்டிக்கொள்வது.

குப்பையைக் கொண்டுவந்து சேர்ப்பது ஸ்ரீமதி. காலையில் இட்லித் தட்டுக்கு எதிரே, சட்னிக் கிண்ணத்தில் போனைச் சாய்த்து வைப்பாள்.

“மாமா, இன்னொண்ணு வந்திருக்கு.”

“வேண்டாம்மா. சாப்பிடுத நேரம்.”

“சென்னைப் பையன். தாடியெல்லாம் வச்சு, மெழுகுவத்தி ஏத்தி வச்சு, உருகி உருகிப் பாடுறான். நீங்க கேக்கணும்.”

அந்தப் பையன் உருகவில்லை. அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ‘கருக்கல்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இட்லி ஆறிப்போனது. மேகம் யோசிக்கிற இடம் வந்ததும் கண்ணை மூடி, “ம்ஹ்ஹ்ஹ்ம்” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு பெருமூச்சு விட்டான். பழைய சோற்றுப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த மாதிரிப் பெருமூச்சு. அண்ணாச்சி சட்னியைத் தள்ளி வைத்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினார்.

மறுநாள் அமெரிக்காவிலிருந்து ஒன்று. பட்டுப்புடவை கட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, மேகம் யோசிக்கிற இடத்தில் ஸ்வரம் போட்டார்கள். மேகம் யோசித்து, மனம் மாறி, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஸ்வரம் முடியவில்லை. அதற்கடுத்தது கல்யாண மண்டபங்களில் போடுகிற டிஜே வடிவம். தள்ளிப்போ என்று கெஞ்சுகிற பாட்டுக்குள்ளே இடி இடிக்க விட்டிருந்தான். ஒரு இடி இல்லை, ஒன்பது மாவட்டத்து இடி. அதைக் கேட்ட அன்று பக்கத்துத் தெருவில் ஒரு எருமை கன்றை ஈன்றுவிட்டது என்று அண்ணாச்சி சத்தியம் செய்தார். மதுரைக்காரன் ஒருவன் ‘சரக்கு’ என்பதைப் பிராந்தி என்று எடுத்துக்கொண்டு, அந்த மௌனத்தில் பாட்டில் திறக்கிற சத்தத்தை வைத்திருந்தான்.

“ஏம்மா, பிராந்தியை எவனாவது களத்துமேட்டுல காயப்போடுவானா?”

“குடிச்சிட்டுப் போடுவான் மாமா.”

எல்லாவற்றிலும் மோசம் கம்ப்யூட்டரே பாடியது. யாரோ ஒருவன் அண்ணாச்சியின் பேட்டிகளைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டி, அவருடைய குரலிலேயே பாட வைத்திருந்தான். அவர் வாழ்நாளில் பாடியதே இல்லை. செத்துப்போன தன்னையே யாரோ தோண்டி எடுத்துப் பவுடர் பூசி உட்கார வைத்ததுபோல இருந்தது. மௌனத்தில் அந்தக் குரல் மூச்சு வாங்கியது.

“மூக்கே இல்லாத பயலுக்கு மூச்சு எதுக்கு?” என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு இரண்டு காதுக்கும் தனித்தனிக் குச்சி எடுத்தார்.

ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அந்த இடத்தைச் சும்மா விட்டுவிட்டால் போதும். பாட்டு எவ்வளவு கேவலமாக இருந்தாலும் சரி, அந்த இடத்தில் வாயைப் பொத்தினால் போதும், அவனுக்குச் சிவப்புக் கிடாரை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவன் எல்லாம், காலி மனையைப் பார்த்த கான்ட்ராக்டர் மாதிரி, அந்த இடத்தைப் பார்த்ததும் ஏதாவது கட்டிவிட்டுத்தான் போனான்.

இந்த நிலையில்தான் விருதுநகரிலிருந்து ராஜபாண்டியன் வந்தார். வியாபாரிகள் சங்கம் ஒன்றின் செயலாளர். சங்கத்தின் ஆண்டு விழாவை மைதானத்தில் பெரிதாக நடத்துகிறார்களாம். கடைசியில் வாணவேடிக்கை. அதற்கு முன்னால் பெங்களூரிலிருந்து ஒரு இசைக்குழு வருகிறது; கடைசிப் பாட்டாக ‘கருக்கல் மேகமே’. அண்ணாச்சியும் சண்முகத்தாயும் முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார வேண்டும்.

அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி ஏழாயிரம்பண்ணைக்குப் போனார். சண்முகத்தாய் இப்போது வேலைக்குப் போவதில்லை. மகன் பிரபாகரன், கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேன் ஓட்டுகிறான். அவள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க அண்ணாச்சி. சாப்பிட்டீகளா?”

“எங்கிட்டுச் சாப்பிட. காலையில ஒருத்தன் பாடுனதைக் கேட்டேன், இன்னும் நெஞ்சுலயே நிக்குது.”

“எது, அந்த இடி இடிக்குமே, அதா? அது நல்லாருக்கும்லா. எங்க வேனுல அதைத்தான் போடுதான். பிள்ளைக அம்புட்டும் ஆடிக்கிட்டே வேலைக்குப் போகுதுக.”

அண்ணாச்சிக்கு வெங்காயம் உரிக்காமலே கண்ணீர் வந்தது. “தாயி, அது நீ பாடுன பாட்டு. அதுக்குள்ள அவன் பேதியாகிற மாதிரி உறுமுறான்.”

“நான் பாடுனது மட்டும் என்ன. சளி பிடிச்ச குரல்ல பாடினேன். நீங்க நாலாவது கம்பியைச் சுருதி சேக்காமலே வாசிச்சீக.”

“அந்த மௌனம்? அதை எவனாவது வச்சிருக்கானா?”

சண்முகத்தாய் வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “அண்ணாச்சி, நம்ம ரெண்டு பேரும்தான் மிச்சம். என்கிட்டயுமா இந்தக் கதை?”

அவர் டிவியைப் பார்த்தார்.

“பேட்டிக்குப் பேட்டி மௌனம், மௌனம்னு அளந்து விடுறீக. நான் என்னைக்காவது வாயைத் திறந்தேனா? அன்னைக்கு அந்த ஸ்டூடியோவுல என்ன நடந்துச்சு?”

நடந்தது இதுதான். பட்டணத்தில் ஒலிப்பதிவு. தீபாவளி நேரம். இசைத்தட்டுக் கம்பெனி ஆட்களுக்குக் கொடுக்க சிவகாசியிலிருந்து பட்டாசு கிஃப்ட் பெட்டிகள் கொண்டுபோயிருந்தார்கள். டிரம்ஸ் வாசித்த ஊர்க்காவலனுக்குப் பெரிய டிரம் கிண்கிண்ணென்று அதிர்ந்துகொண்டே இருந்தது. உள்ளே ஏதாவது அடைத்தால் அடங்கும் என்று சொன்னார்கள். அவன் கைக்குக் கிடைத்ததை அடைத்தான். அதாவது, கிஃப்ட் பெட்டி அம்புட்டையும். சரவெடி, அணுகுண்டு, சங்குசக்கரம் எல்லாவற்றையும் டிரம்முக்குள் வைத்துக்கொண்டு, அதன் மேலேயே காலால் மிதித்து வாசித்துக்கொண்டிருந்தான். பாட்டு கடைசி அடிக்கு வந்தபோது, ஒலிப்பதிவு செய்கிறவர் பாட்டில் சொக்கிப்போய்க் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்து, தீக்குச்சியை உரசினார்.

வேறு எந்த ஊர்க்காரன் என்றாலும் கத்தியிருப்பான், ஓடியிருப்பான். இவர்கள் பட்டாசு ஊரில் வளர்ந்தவர்கள். சரக்குப் பக்கத்தில் நெருப்பைப் பார்த்தால் கத்தக் கூடாது, ஓடக் கூடாது, எதையும் தட்டிவிடக் கூடாது, அப்படி அப்படியே நிற்க வேண்டும் என்று எலும்புக்குள் ஏறியிருந்தது. கிடார் நின்றது. ஊர்க்காவலனின் கால் அந்தரத்தில் நின்றது. சண்முகத்தாய் வாயைத் திறந்தபடி நின்றாள். அந்த மனிதர் நிதானமாகச் சிகரெட்டைப் பற்ற வைத்து, குச்சியை உதறி அணைத்து, காலால் மிதித்தார். அப்போதுதான் அவள் மிச்சமிருந்த ஒரு சொல்லைச் சொன்னாள்.

“பிரமாதம்யா, அந்த நிறுத்தம்” என்று அவர் புகையோடு சொன்னார். மறுபடி எடுக்கவில்லை.

“அது சங்கீதமில்ல அண்ணாச்சி” என்றாள் சண்முகத்தாய். “உசுருப் பயம். உசுருப் பயம் இல்லாதவன் அந்த இடத்துல எதுக்கு நிறுத்துவான்? பெங்களூருக்காரனும் நிறுத்தமாட்டான்.”

“நல்ல கலைஞனா இருந்தா நிறுத்துவான்.”

“நிறுத்தலேன்னா?”

“நிறுத்தலேன்னா, மேடை ஏறி, மைக்கைப் பிடிச்சு, கிஃப்ட் பெட்டிக் கதையை நானே சொல்றேன். அம்புட்டு சனத்துக்கு முன்னாடி.” வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. நாற்பத்தைந்து வருஷத்து மௌனத்தை அணுகுண்டுப் பெட்டியில் கட்டித் தூக்கிக் கொடுத்துவிட்டார். அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “நிறுத்திட்டான்னா, நீ அந்த ஒரு சொல்லைப் பாடணும்.”

“எனக்கா? தொண்டையில உப்புத்தாள் ஒட்டியிருக்கு.”

“ஒரே ஒரு சொல்லு தாயி.”

அவள் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். “சரி. நிறுத்தட்டும் பாப்போம்.”

விழா அன்று மதியமே அண்ணாச்சி மைதானத்துக்குப் போய்விட்டார். பாட வருகிற பையன் பெயர் தருண்குமார். பூர்வீகம் விருதுநகர்தான், பிறந்து வளர்ந்தது பெங்களூர். கொண்டை போட்டிருந்தான். கொண்டை என்றால் சாதாரணக் கொண்டை இல்லை, அதற்குள் ஒரு குருவி குடும்பம் நடத்தலாம். மேடையில் இருந்த டிரம்ஸோ, ஒரு சின்ன வீடு. அண்ணாச்சி மேகம் யோசிக்கிற இடத்தைப் பற்றிச் சுற்றிவளைத்துக் கேட்டார்.

“சார், அந்த ஸ்பேஸைத் தொடவே மாட்டோம்” என்று அவன் நெஞ்சில் கை வைத்தான். “அது சேக்ரெட் சார். உங்க பேட்டி எல்லாம் பாத்திருக்கேன்.”

அண்ணாச்சிக்கு அவனுடைய கொண்டைகூட அழகாகத் தெரிந்தது. வெளியே போய் ஒரு எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு சாப்பாடு தொண்டையில் இறங்கியது.

சாயங்காலம் மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அச்சங்குளம் என்று பட்டாசுக் கம்பெனி இருக்கிற ஊர்களிலிருந்தெல்லாம் வேன்கள் வந்திருந்தன. மேடைக்குப் பின்னால், தட்டிக்கு அந்தப்பக்கம், வாணவேடிக்கைச் சரக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. வாசலில் போலீஸ்காரர்கள் நின்று பீடி, சிகரெட், லைட்டர், தீப்பெட்டி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜபாண்டியன் மைக்கில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். “பின்னாடி சரக்கு இருக்குய்யா. நெருப்பு ஆகாது. ஒரு பொறி ஆகாது. நம்ம சனத்துக்குச் சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன்.” குத்துவிளக்குக்கூட பேட்டரி விளக்குதான், சிறப்பு விருந்தினர் ஐந்து பேரும் சுவிட்சைத் தட்டி ஏற்றினார்கள்.

சிறப்பு விருந்தினரை வாசலில் யாரும் சோதிக்கவில்லை.

முன்வரிசையில் அண்ணாச்சியும் சண்முகத்தாயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவள் கழுத்தில் போட்ட சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள். மேடையின் இரண்டு பக்கமும் வீடு உயரத்துக்குப் பெரிய திரை. கேமராக்காரன் ஒருவன் பாட்டுக்குப் பாட்டு இவர்கள் முகத்தைப் பிடித்துத் திரையில் போட்டுக்கொண்டிருந்தான்.

பெங்களூர்க் குழு பாடியதில் முதல் ஆறேழு பாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தகர டப்பாவில் கல்லைப் போட்டு, அதைப் படியில் உருட்டி, அதற்கு லைட் போட்டார்கள். அண்ணாச்சி பொறுத்துக்கொண்டார். மேகப் பாட்டு ஆரம்பித்தது. தருண்குமார் ‘சரக்கிருக்கு’ என்பதை வெந்நீரை வாயில் வைத்துக்கொண்டு பாடினான். அதையும் பொறுத்தார். கட்டி வண்டி ஏத்துனப்புறம் என்று அவன் இழுத்து முடித்து, மைக்கை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் கவிழ்த்தான். கிடார்கள் நின்றன.

அண்ணாச்சி கண்ணை மூடினார். ஒரு மூச்சு. சண்முகத்தாயை முழங்கையால் இடித்தார்.

அவர் முழங்கையை எடுப்பதற்குள் டிரம்ஸ்காரன் ஆரம்பித்தான்.

தருண்குமார் தொடவில்லை. சொன்ன வாக்குத் தவறவில்லை. கிடார்கள் தொடவில்லை. டிரம்ஸ்காரனைத் தவிர யாருமே தொடவில்லை. அவன் அந்தச் சின்ன வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, சட்டி, பானை, குண்டா, குடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தான். ஒரு நிமிஷம் ஆயிற்று. கூட்டம் கை தட்டி ஒத்துப் போட்டது. இன்னும் உற்சாகமாகி எழுந்து நின்று உடைத்தான். அண்ணாச்சியின் வயிற்றுக்குள் மதியம் போன பரோட்டா ஒவ்வொரு அடியாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. புளித்த மாவில் மூக்கை முக்கியதுபோல முகம் சுளித்தது.

சண்முகத்தாய் அவர் காதருகே குனிந்தாள். “மைக்கு அங்கன இருக்கு அண்ணாச்சி.”

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. மயில் பெட்டியை வெளியே எடுத்தது. பெட்டியைத் தள்ளி ஒரு குச்சியை உருவியது. எல்லாம் பழக்கம்தான். காதுக்குக் கொண்டு போகும்போதுதான் எதேச்சையாக நிமிர்ந்தார்.

இரண்டு திரையிலும் அவர்தான் இருந்தார். பனைமர உயரத்தில் ஒரு கிழவர், ஒரு கையில் தீப்பெட்டி, ஒரு கையில் தீக்குச்சி. மேடைக்கு நேர் முன்னால். பின்னால் சரக்கு.

வலதுபுறம் கைதட்டல் நின்றது. இடதுபுறம் நின்றது. பின்னால் சாத்தூர் வேன்காரர்கள் பக்கம் நின்றது. யாரும் கத்தவில்லை. யாரும் ஓடவில்லை. தூக்கிய கைகள் தூக்கியபடி, ஆடிக்கொண்டிருந்த இடுப்பு ஒருபக்கமாகச் சாய்ந்தபடி, சுண்டல் தின்றவன் வாயில் சுண்டலோடு, அந்த மைதானம் முழுக்க அப்படியே நின்றது. மேடைக்குப் பக்கத்தில் ராஜபாண்டியன் ஒரு காலைப் படியில் வைத்து மறுகாலை அந்தரத்தில் வைத்திருந்தார்.

சங்கரலிங்கம் அண்ணாச்சி திரையைப் பார்த்தார். காதுக்குப் போய்க்கொண்டிருந்த குச்சியை நிறுத்தினார். மருந்து முனை வெளியே தெரிகிற மாதிரி விரலுக்குள் திருப்பினார். பிறகு மெதுவாக, மிக மெதுவாக, பெட்டியின் பக்கவாட்டை நோக்கி இறக்கினார். எழுபத்தொரு வயதில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷம் கிடைப்பது நியாயமில்லை.

டிரம்ஸ்காரன் பெங்களூர்க்காரன். அவனுக்குத் தீக்குச்சியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் எதிரே இத்தனை ஆயிரம் பேர் செத்த சவம்போல நிற்பதைப் பார்த்ததும், தானே ஏதோ பாவம் செய்துவிட்டதாக நினைத்துவிட்டான். ஒரு கையை இறக்கினான். மறு கையும் இறங்கியது. கடைசியாக ஒரு தாளத்தட்டு மட்டும் கொஞ்ச நேரம் நடுங்கி அடங்கியது.

மௌனம்.

மேலே டியூப் லைட்டின் ரீங்காரம் கேட்டது. தூரத்தில் பைபாஸில் லாரி ஒன்று கியர் மாற்றியது. தருண்குமார் மைக்கைப் பிடித்தபடி விழித்தான். அடுத்து வருவது ஒரே ஒரு சொல். அதை எப்போது சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியாது. மேகம் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். சண்முகத்தாயின் வாய் திறந்திருந்தது. கண் அவர் கையிலிருந்த குச்சியை விட்டு நகரவில்லை. இருபது வயதில் அந்த ஸ்டூடியோவில் நின்ற அதே நிற்பு. அவள் நடிக்கவில்லை, எலும்புக்குள் இருப்பது எழுந்துவிட்டது.

அவர் குச்சியைத் திருப்பினார். மருந்தில்லாத முனையைக் காதுக்குள் விட்டார். ஒரு சுற்றுச் சுற்றினார். வெளியே எடுத்து, இரண்டாக ஒடித்து, கீழே போட்டார்.

“பெய்யி” என்றாள் சண்முகத்தாய்.

மைக் இல்லை. உப்புத்தாள் குரல். ஆனால் அந்த மௌனத்தில் அது கடைசி வேன் வரைக்கும் கேட்டது. அவள் சொன்ன பிறகுதான் மைதானம் மூச்சு விட்டது. அந்த மூச்சில் மேடைத் தட்டிகள் ஆடின. பிறகு எழுந்த கூச்சலில் விருதுநகர் ரயில் நிலையத்தில் நின்ற ரயில் தனக்குத்தான் பச்சைக்கொடி என்று நினைத்துப் புறப்பட்டுவிட்டது என்பார்கள். மழை மட்டும் பெய்யவில்லை. பங்குனியில் அங்கே எங்கே பெய்கிறது.

தருண்குமார் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்தான். கண்ணில் தண்ணீர். மைக்கைச் சண்முகத்தாயின் வாய்க்கு நேரே நீட்டினான். “அம்மா, இந்த சைலன்ஸ் எப்படிம்மா வந்துச்சு? அன்னைக்கு ரெக்கார்டிங்ல? ப்ளீஸ், சொல்லுங்கம்மா.”

அண்ணாச்சியின் நெஞ்சுக்குள் ஊர்க்காவலனின் பெரிய டிரம் அடித்தது. சண்முகத்தாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கீழே கிடந்த ஒடிந்த குச்சியைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“மேகம்னா யோசிக்கத்தானய்யா செய்யும்” என்றாள்.

மைக் நகர்ந்த பிறகு, சால்வையால் வாயை மறைத்துக்கொண்டு, “கோல்மால் பண்ணிட்டீக அண்ணாச்சி” என்றாள். “அவன் நிறுத்தல. நீங்க நிறுத்த வச்சீக.”

“காதைக் குடைஞ்சேன் தாயி. நெசமாத்தான்.”

“நானும் பாத்தேன். உசுரு போயி வந்துச்சு.” சால்வையை மறுபடி மடித்தாள். “ஆனா நல்லாத்தான் இருந்துச்சு.”

அதற்குள் தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர் வந்து, எல்லோருக்கும் எதிரே, மரியாதையாக, “பெட்டியைக் கொடுத்துருங்கய்யா” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மயில் பெட்டி மற்ற பீடிக்கட்டுகளோடு வாளிக்குள் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் வாணவேடிக்கையே தொடங்கியது.

அடுத்த ஒரு வாரம் அண்ணாச்சி ரொம்பப் பசியோடு இருந்தார். நாலு இட்லிக்கு மேல் ரெண்டு கேட்டார். எட்டாம் நாள் காலையில் ஸ்ரீமதி போனைச் சட்னிக் கிண்ணத்தில் சாய்த்தாள்.

“மாமா, விருதுநகர் வீடியோ பயங்கரமா ஓடுது. அதைப் பாத்து இன்னைக்குப் புதுசா ஒண்ணு வந்திருக்கு. எல்லாரும் இப்ப இப்படித்தான் பாடுறாங்களாம்.”

ஒரு கோயம்புத்தூர்ப் பையன். கறுப்புக் கண்ணாடி. கட்டி வண்டி ஏத்துனப்புறம் என்று முடித்தான். எல்லா வாத்தியமும் நின்றது. அண்ணாச்சி கையிலிருந்த இட்லித் துண்டை வாய்க்கு முன்னால் நிறுத்தினார். சுத்தமான மௌனம். ஒரு தாளம், இரண்டு தாளம்.

மூன்றாவது தாளத்தில், காதுக்கு மிக அருகில் மைக் வைத்துப் பிடித்த சத்தம்: தீக்குச்சி உரசுகிற சத்தம். ‘சர்ர்ர்க்.’ அதோடு எதிரொலியும் போட்டிருந்தான். குச்சி ஒன்பது முறை உரசிக்கொண்டு மலைக்கு மலை தாவிப் போனது.

அண்ணாச்சி இட்லியைத் தட்டில் வைத்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார். பை காலி.

போனை எடுத்து ஏழாயிரம்பண்ணைக்கு அடித்தார். “தாயி, கேட்டியா அந்தக் கோயம்புத்தூர்க்காரனை?”

பின்னணியில், வாசலில் நின்ற பிரபாகரனின் வேன் இஞ்சின் இரைந்தது. அதற்கு மேல் பெண்களின் சிரிப்பு. அதற்கும் மேல், எதிரொலியோடு, ‘சர்ர்ர்க்.’

“கேட்டுக்கிட்டேதான் அண்ணாச்சி இருக்கேன்” என்று சண்முகத்தாய் கத்தினாள். “பிள்ளைக அந்த இடத்துல அப்படியே சிலை மாதிரி நிக்குதுக. இடியை விட இது நல்லாருக்கு.”

அண்ணாச்சி போனை வைத்துவிட்டு, சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தார். போதவில்லை.

“ஸ்ரீமதி, தீப்பெட்டிக்கு ஒட்ட நம்ம பிரஸ்ல மயில் லேபிள் மிச்சம் இருக்கா?”

“எத்தனை வேணும் மாமா?”

“ஒரு லோடு சொல்லிரும்மா” என்றார் அவர்.